குழாய் எங்கள் மண்ணில், விலை உயர்வும் எங்கள் தலையில்

சென்னையில் பெட்ரோல் போடுகிறவரைவிட தர்மபுரியில் போடுகிற நான் லிட்டருக்கு அதிகம் கொடுக்கிறேன். கிருஷ்ணகிரியிலும் இதே நிலைதான். கேட்டால் போக்குவரத்துச் செலவாம். சுத்திகரிப்பு ஆலை எங்கோ இருக்கிறது, லாரி இவ்வளவு தூரம் வர வேண்டும், அந்தச் செலவை நாம்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். சரி, அப்படியானால் எங்கள் வயலுக்கு அடியிலேயே பெட்ரோலைக் கொண்டுபோகத் திட்டம் போட்டீர்களே, அதற்கு என்ன கணக்கு?

கொச்சியில் சுத்திகரித்த எரிபொருள் கோவை இருகூருக்குக் குழாயில் வருகிறது. அங்கிருந்து பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் தேவனகொந்திக்கு இன்னொரு குழாய் என்று திட்டம் தீட்டினார்கள். அது கடக்கும் மாவட்டங்களில் எங்கள் இரண்டும் உண்டு. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள், விளைநிலத்தை விட்டுவிடுங்கள் என்று விவசாயிகள் கத்திக் கத்தி ஓய்ந்தார்கள். இப்படிக் குழாய் பதிப்பதற்கென்று 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி நிலத்தை வாங்க வேண்டியதில்லை, பயன்படுத்தும் உரிமையை எடுத்துக்கொண்டால் போதும். பட்டா நம் பெயரில் இருக்கும். ஆனால் குழாய் போகும் இடத்தில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. மாந்தோப்பை நம்பியே குடும்பம் நடத்துகிற கிருஷ்ணகிரிக்காரனிடம் மரம் வைக்காதே என்றால், அவன் அந்த மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? பயிர்ச் சேதம் போக, உரிமையை எடுத்ததற்கு அந்தச் சட்டம் சொல்லும் இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம். பத்தே சதவீதம்!

ஆலையின் வாசலிலேயே குடியிருப்பவர்களுக்காவது ஏதாவது சலுகை உண்டா என்றால் அதுவும் இல்லை. சுத்திகரிப்பு ஆலை இருக்கும் சென்னை மணலியில் எங்கள் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ராத்திரியில் ஜன்னலைத் திறக்க முடியாத நாற்றம் என்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்ததையும், மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப் போனதையும் நாடே பார்த்தது. அந்த மீனவரும் படகுக்கு டீசலை விலை கொடுத்துத்தான் வாங்குகிறார். எண்ணெயால் வரும் கேடு யாருக்கு என்பதில் மட்டும் ஒருவருக்கும் குழப்பம் இல்லை.

உலகச் சந்தையில் ஏறினால் இங்கேயும் ஏறும், அது இயற்கை என்று பாடம் நடத்துகிறார்கள். இறங்கும்போது அந்த இயற்கை எங்கே போகிறது? 2020இல் கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு விழுந்தது. மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியைக் கூட்டியது. மாநில அரசும் அதே மாதம் தன் பங்குக்கு வாட் வரியைக் கூட்டியது. இறங்கிய விலை எங்கள் ஊர் பங்க் வரைக்கும் வரவே இல்லை. பிறகு கச்சா எண்ணெய் ஏறியபோது அந்த ஏற்றம் மட்டும் வழி தவறாமல் வந்து சேர்ந்தது.

2017 ஜூன் முதல் தினமும் விலை மாறும் என்றார்கள். 2018இல் பக்கத்துக் கர்நாடகத்தில் தேர்தல் நடந்தபோது 19 நாள் ஒரு பைசாகூட அசையவில்லை. ஓட்டுப்பதிவு முடிந்த கையோடு ஏற ஆரம்பித்தது. 2022இலும் ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை அமைதியாக இருந்துவிட்டு, மார்ச் 22 முதல் 16 நாளில் 14 முறை ஏற்றினார்கள். கூட்டிப் பார்த்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 10 ரூபாய். இதைச் சந்தை தீர்மானிக்கிறது என்று எங்களிடம் சொல்ல எப்படி மனம் வருகிறது?

2021இல் மாநிலத்தில் ஆட்சிக்கு வந்தவர்களும் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்று வாக்குறுதி கொடுத்துத்தான் வந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். டீசலைத் தொடவில்லை. எங்கள் ஊரில் டிராக்டர் ஓடுவதும், பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகும் டெம்போ ஓடுவதும் டீசலில்தானே! தக்காளி விலை விழுந்த நாளில் வண்டி வாடகைக்கும் பறிகூலிக்கும் கட்டாமல் பழத்தைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறவர்களைப் போய்ப் பாருங்கள். ஓசூர் லாரிக்காரராவது எல்லை தாண்டிக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் குறைந்த விலைக்கு டீசல் நிரப்பிக்கொள்வார். தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரத்துக்காரர் அதற்காக அங்கே போக முடியுமா?

வண்டியை வீட்டில் வைத்துவிட்டுப் பொதுப் போக்குவரத்தில் போகலாமே என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். எதில் போவது? மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியில் ரயில் நிலையமே கிடையாது. மொரப்பூர்–தர்மபுரி பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள், அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோம். அதிகாலை ஷிஃப்டுக்குக் கம்பெனி வண்டி வராத கிராமத்திலிருந்து கிளம்பும் பெண்ணுக்கு ஸ்கூட்டரை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அவள் சம்பளத்தில் பெட்ரோலுக்கு எவ்வளவு போகிறது என்று விலையை முடிவு செய்கிற யாராவது ஒரு நாள் கேட்டிருப்பார்களா?

குழாய் வந்தால் லாரிச் செலவு மிச்சமாகும், நாட்டுக்கு நல்லது என்கிறார்கள். அந்த மிச்சத்தில் தர்மபுரி பங்கில் லிட்டருக்கு எத்தனை பைசா குறையும், எந்தத் தேதியிலிருந்து குறையும்? அதை எழுத்தில் கொடுத்துவிட்டு எங்கள் வயலை அளக்க வாருங்கள்.