முருங்கைக்காயைத் திருப்பிக் கொடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட முருங்கைக்காய்த் தொக்கு பதிவின் கீழே நடந்த கூத்தை லிஸ்டில் இருக்கிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள், திரும்ப விளக்கப் போவதில்லை. முருங்கைக்காயை வைத்து நண்பர் ஒருவர் இரட்டை அர்த்தத்தில் போட்ட கமெண்டை நான் அழித்ததும், எனக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்று அவர் தன் பக்கத்தில் தனிப்பதிவே எழுதியதும், அதற்குக் கீழே நாம் எல்லோரும் மதிக்கிற சில பெரியவர்கள்கூட வந்து சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போனதும் ஊரறிந்த கதை. யார் யார் சிரித்தார்கள் என்று முகநூலே பட்டியல் போட்டுக் காட்டுகிறது, நல்ல வசதி.

நான் எழுதியது ஒரு தொக்கைப் பற்றி. காயை வேகவைத்து, பிளந்து, சதையைக் கரண்டியால் வழித்தெடுத்து, புளிக்கரைசலும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருளச் சுருளக் கிளற வேண்டும். வழிப்பதற்குள் கை கடுக்கும். அத்தனை வேலையையும் எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதில்களில் பாதி என் வீட்டுக்காரரைப் பற்றி. "இன்னைக்கு சார் பாடு கொண்டாட்டம்தான்" என்று ஆரம்பித்தது, அப்புறம் எங்கெங்கோ போனது. உப்பு எவ்வளவு என்று கேட்டவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் பெண்கள்.

அது ஒரு காய். இதைத்தான் நான் சொல்ல வருகிறேன், வேறு ஒன்றுமில்லை. அது ஒரு காய், சாம்பாரில் போடுவார்கள்.

1983இல் பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' வந்தது, முருங்கைக்காய் சாப்பிட்டால் ஆண்களுக்கு ஆசை கிளம்பும் என்கிற ஜோக்கோடு. அதற்கு முன்னால் முருங்கை என்றால் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வந்தது வேதாளம். விக்கிரமாதித்தன் இறக்கி இறக்கித் தோளில் போடுவதும் அது திரும்ப மரத்தில் ஏறுவதும்தான். இல்லாவிட்டால் ஒடித்து வளர்க்கிற பழமொழி. ஒரே ஒரு படம் வந்து வேதாளத்தையே மரத்திலிருந்து இறக்கிவிட்டது, விக்கிரமாதித்தனால் முடியாத காரியம். பாக்யராஜின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தெலுங்கு, இந்தி, கன்னடம் என்று எல்லா ஊரிலும் எடுத்த கதை அது. கைக்குழந்தையோடு தனியாக நிற்கிற வாத்தியார், சித்தி வந்தால் குழந்தையைப் பார்ப்பாளா என்று பயப்படுகிற மனுஷன். அந்தப் பயத்தைப் போக்க, தனக்கென்று பிள்ளையே வேண்டாம் என்று ஆபரேஷனுக்குக் கிளம்புகிறாள் அவரைக் கட்டிக்கொண்ட பரிமளம். படத்தின் உயிர் அங்கே இருக்கிறது. அதை யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா? ஆஸ்பத்திரியைப் பார்த்தால் யாருக்காவது அந்தப் படம் ஞாபகம் வருகிறதா? காய் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

உடனே வருவீர்கள், "உனக்கு மட்டும் படம் ஞாபகம் வராதா" என்று. வரும். தாராளமாக வரும். வாழைப்பழத் தாரைப் பார்த்தால் எனக்குக் கவுண்டமணியும் செந்திலும்தான். 1989இல் 'கரகாட்டக்காரன்' வந்த பிறகு இந்த நாட்டில் எந்தக் கடையிலாவது யாராவது இரண்டு பழம் என்று நிம்மதியாகக் கேட்க முடிந்திருக்கிறதா. பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கண்ணால் பார்த்திராத என் அக்கா பையன், அதன் மேன்டில் தொட்டால் உதிர்ந்துவிடும் என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறான். 'வைதேகி காத்திருந்தாள்' கற்றுக்கொடுத்தது. சுத்தியல் விஷயம் தெரியாதவர் உண்டா? 2019 மே மாதக் கடைசியில் எங்கேயோ ஒரு பொறியியல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நம் ஆள் ஒருவர் போய் 'ப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த நேசமணியின் தலையில் விழுந்த கதையைச் சொன்னார், இரண்டே நாளில் உலகமே நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்தது. 'ப்ரெண்ட்ஸ்' வந்தது 2001இல். பதினெட்டு வருஷம் கழித்தும் அந்தத் தலை வலித்தது. அன்றைக்கு ராத்திரி நானும் தூங்காமல் ஒவ்வொன்றாகப் படித்துப் படித்துச் சிரித்தவள்தான். எனக்கா நகைச்சுவை உணர்வு இல்லை?

அங்கே சிரித்தாய் இங்கே ஏன் முறைக்கிறாய் என்றால், அந்தச் சுத்தியல் யார் தலையிலும் நிஜமாக விழவில்லை. வாழைப்பழம் வாங்கப் போன என்னை யாரும் மேலும் கீழும் பார்க்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், இது புரியாமல் இருக்க முடியாது.

எங்கள் ஆபீஸில் சந்திரமௌலி என்று ஒரு சார் இருந்தார், 'மௌன ராகம்' கார்த்திக் மாதிரியே அவரை மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டு நாங்கள் கலாய்ப்போம், அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் நேற்று இன்பாக்ஸில் வந்தார். அது வேறு. அவரே ரசிப்பார்.

சரி, முருங்கைக்கு நிஜமாகவே அந்தக் குணம் உண்டு, சும்மா சொல்லவில்லை என்பவர்களுக்கு: இருக்கட்டுமே. முருங்கைப்பூவைப் பாலில் காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் கைவைத்தியம் படத்துக்கு ரொம்ப முன்னாலேயே உண்டு. ஆனால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுப்பதும் முருங்கைக்கீரைதான், இரத்தசோகைக்குச் சொல்வதும் அதைத்தான். அதற்கெல்லாம் ஏன் யாரும் கண்ணடிப்பதில்லை? கரூர்ப் பக்கம் அரவக்குறிச்சி, திருப்பூர்ப் பக்கம் மூலனூர் என்று போய்ப் பாருங்கள், அந்தக் காயை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது என்று. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் பி.கே.எம்.1 என்று ஒரு ரகத்தையே உருவாக்கினார்கள், விதை போட்ட ஆறேழு மாதத்தில் காய்க்கிறது. சந்தையில் காய் விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று விவசாயி செடியிலேயே விட்டுவிடுகிற வருஷங்கள் உண்டு. அப்போது போய் அவரிடம் சொல்லுங்கள் உங்கள் ஜோக்கை.

இப்போது சொல்லப் போவதை நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

என் சித்திக்கு முருங்கைக்காய் என்றால் உயிர். சித்தப்பா தவறிய பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் இருந்தார். ஒரு நாள் காலையில் காய்கறி வாங்கப் போனவர் வெறும் தக்காளியோடு திரும்பி வந்தார். பிறகுதான் அம்மா மூலம் தெரிந்தது, கடையில் நின்ற யாரோ ஒரு புண்ணியவான், பழகிய ஆள்தான், "உங்களுக்கு இனிமே இது எதுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்திருக்கிறான். கடையில் இருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். கையில் எடுத்த கட்டைச் சித்தி திரும்ப வைத்துவிட்டு வந்துவிட்டார். அப்புறம் சித்தி தன் கையால் அதை வாங்கி நான் பார்த்ததில்லை. நாங்கள் சமைத்து வைத்தால் சாப்பிடுவார், வேண்டும் என்று கேட்க மாட்டார். நகைச்சுவையை நகைச்சுவையாகப் பார் என்று எனக்குப் பாடம் எடுக்கிறவர்கள் அன்றைக்கு அந்தக் கடையில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்குத் தெரியும். பொம்மை போட்டிருப்பீர்கள்.

காயோடு நின்றதா? பம்பரம் சின்னப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான். 1992இல் கதாநாயகியின் தொப்புளில் பம்பரம் விட்ட 'சின்னக் கவுண்டர்' வந்ததிலிருந்து ஒரு பெண் இருக்கிற இடத்தில் பம்பரம் என்று வாயைத் திறக்க முடியவில்லை. மல்லிகைப்பூவை எந்த ஆண்பிள்ளை வாங்கிக்கொண்டு தெருவில் வந்தாலும் ஓரக்கண்ணால் ஒரு சிரிப்பு, கூடவே அல்வாப் பொட்டலமும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். திருநெல்வேலிக்காரர்கள் 'அமைதிப்படை'க்குப் பிறகு அல்வா விஷயத்தில் வேறொரு தினுசில் கஷ்டப்படுகிறார்கள், அது தனிக்கதை. பூவும் காயும் பலகாரமும் விளையாட்டுச் சாமானும், எதை எடுத்தாலும் கடைசியில் ஒரு பொம்பளையைப் பார்த்துச் சிரிப்பதில் போய் முடிகிறது. சுத்தியல் மட்டும்தான் தப்பித்தது, ஏனென்றால் அது ஒரு ஆம்பளை தலையில் விழுந்தது.

படத்தைக் குறை சொல்லாதே, அது அந்தக் காலம் என்கிறீர்கள். படத்தை யார் குறை சொன்னார்கள்? படம் ஓடி முடிந்து நாற்பது வருஷம் தாண்டிவிட்டது, அதை இன்னமும் ஓட்டிக்கொண்டிருப்பது நீங்கள். என் பெண் எட்டாம் வகுப்பு. அந்தப் படத்தை அவள் பார்த்ததில்லை, அவள் வகுப்புப் பையன்களும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் டிபன் பாக்ஸில் சாம்பார் சாதத்தைத் திறந்ததும் ஒருத்தன் என்னமோ சொல்ல, நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று என்னிடம் வந்து கேட்கிறாள். பதிமூன்று வயதுப் பெண்ணிடம் நான் என்னவென்று சொல்ல? அந்தப் பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? வீட்டில் அப்பாவோ மாமாவோ இதேபோல ஒரு பதிவில் பொம்மை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வேறு யார்.

நிறையப் பேர் சொல்லிவிட்டீர்கள், கமெண்ட் போட்டவர் நல்ல மனுஷன், வாய்தான் அப்படி, பிளாக்கை எடுத்துவிடு என்று. நல்ல மனுஷன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. போன வருஷம் புத்தகக் காட்சிக்கு வந்தபோது குடும்பத்தோடு அவர் வீட்டுக்குத்தான் சாப்பிடப் போனோம். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், முருங்கைக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தார். அருமையான குழம்பு. அந்த நல்ல மனுஷன் பரிமாறச் சொல்லிச் சொல்லி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தேனா? என் வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா? குழம்பு நன்றாயிருக்கிறது என்றோம், புளி எந்த ஊர் என்று கேட்டோம், வந்துவிட்டோம்.

அந்த அக்கா நேற்றிலிருந்து என் போனை எடுக்கவில்லை. அக்கா மேல் எனக்கு ஒன்றுமில்லை. அவர் வீட்டுக்காரருடைய பிளாக்கை எடுக்க மாட்டேன்.