ஞாயிற்றுக்கிழமைக் கைதட்டலுக்கு ஒரு பதில்

கடந்த ஞாயிறு, இங்கே யேர்மனியில் எங்கள் தமிழர் பரிசளிப்பு விழாவில் பரிசு வாங்கிய தம்பி ஒருவர் ஆற்றிய உரையின் காணொளி இதற்குள் உங்கள் எல்லோருடைய கைபேசிக்கும் வந்திருக்கும் என்பதால், அதை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. நாற்பது வருடம் ஒரு நாட்டில் வாழ்ந்தும் அதன் மொழியை ஒழுங்காகப் பேசத் தெரியாதவர்களுக்குக் கடவுச்சீட்டு எதற்கு என்று அவர் டொச்சில், அதாவது யேர்மன் மொழியில், கேட்டதும், முன்வரிசையில் இருந்த யேர்மானிய விருந்தினர்கள் கைதட்டினார்கள். அவர்களைப் பார்த்து எங்களவர்களும் தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேருக்கு, திட்டு வாங்கியது தாங்கள்தான் என்பதே விளங்கியிருக்காது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாழ வந்த நாட்டின் மொழியைக் கற்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. கற்கவில்லை என்று இன்று குற்றம் சாட்டுகிறவர்கள் அன்று கற்பித்தார்களா என்பது மட்டுமே என் கேள்வி.

1984 இன் இறுதியில் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்குப் பக்கம் வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு 21 வயது. புகலிடம் கோரியதும் கிடைத்தவை ஒரு கட்டிலும் ஒரு தாளும். வேலை செய்யக் கூடாது, ஒதுக்கிய மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. மொழி வகுப்பைப் பற்றிக் கேட்டால், திருப்பி அனுப்பப்படக் கூடியவனுக்கு மொழி எதற்கு என்பதுதான் அன்றைய நியாயம். யேர்மனி குடியேற்ற நாடு அல்ல என்று அரசே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1987 இல் புகலிடம் கோருவோருக்கான வேலைத் தடையை ஐந்து ஆண்டுகளாக நீட்டினார்கள். 600 மணி நேர மொழிப் பாடத்தோடு ஒருங்கிணைப்பு வகுப்பு என்ற ஒன்று 2005 இல்தான் சட்டமாக வந்தது. அப்போது எனக்கு மூன்று பிள்ளைகள், பகலில் தொழிற்சாலை, இரவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. அந்தச் சமையலறை எனக்குக் கற்பித்த டொச் மூன்று சொற்கள்: ஷ்னெல், சௌபர், வைற்றர். விரைவாக, சுத்தமாக, அடுத்தது.

அதே காலத்தில் வந்த வேறு சிலர் படித்தார்களே என்று கேட்பீர்கள். படித்தார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் மற்றவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் ஆகிவிட மாட்டார்கள்.

2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய குடியுரிமைச் சட்டத்தை அந்தத் தம்பி வாசித்திருக்கிறாரா தெரியவில்லை. 1974 ஜூன் இறுதிக்கு முன் மேற்கு யேர்மனிக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் தலைமுறைக்கு அதில் எழுத்துத் தேர்வு இல்லை. அன்றாடத் தேவைக்குப் பேசத் தெரிந்தால் போதும். அந்த மனிதர்களைச் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் அழைத்தபோது மொழி கற்பிக்க யாரும் நினைக்கவில்லை என்பதை, ஐம்பது வருடம் கழித்தாவது அரசு ஒப்புக்கொண்டது. அரசுக்கே வந்த வெட்கம் எங்கள் மேடைக்கு வரவில்லை. 1984 இல் வந்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பது வேறு கதை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. குடியுரிமைத் தேர்வின் 33 கேள்விகளில் 17 சரியாக இருந்தால் போதும். எனக்கு 29 சரி.

மொழி ஏன் வேண்டும் என்பதை எனக்கு எந்த அரசியல்வாதியும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் மனைவிக்குச் சுகமில்லாமல் போனபோது, மொழிபெயர்க்க ஒன்பது வயது மகளைத்தான் மருத்துவரிடம் கூட்டிச் சென்றோம். பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் நடுவில் இருந்தாள். மருத்துவர் சொன்ன 'கெபேர்முற்றர்' என்ற சொல்லுக்குத் தமிழ் அவளுக்குத் தெரியவில்லை. முற்றர் என்றால் அம்மா என்று தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, உங்கட வயித்துக்குள்ள இன்னொரு அம்மா இருக்கிறாவாம். அவவை வெட்டி எடுக்க வேணுமாம்." கருப்பை என்று எனக்கு விளங்கியது. மனைவிக்கும் விளங்கியது. பிள்ளை மட்டும் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட அந்த மேடைப் பேச்சால் தர முடியாது.

ஆனால் தம்பி மொழியோடு நிற்கவில்லையே. வீட்டுக்குள் இன்னும் யாழ்ப்பாணத்தையே கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், முழுதாக இந்த நாட்டவராக மாற வேண்டும் என்றார். 2000 இல் 'லைற்குல்ற்றூர்', அதாவது வந்தவர்கள் பின்பற்ற வேண்டிய வழிகாட்டிப் பண்பாடு, என்று பேசிப் பெரிய விவாதத்தைக் கிளப்பியவர்தான் இன்றைய சான்சலர், அதாவது அரசாங்கத் தலைவர், மேர்ற்ஸ். அந்தப் பண்பாட்டில் சரியாக என்னவெல்லாம் அடக்கம் என்று இத்தனை வருடத்தில் அவர்களுக்குள்ளேயே ஒரு முடிவு இல்லை. ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவில் தேருக்கு எத்தனை ஆயிரம் பேர் கூடுகிறார்கள், வேடிக்கை பார்க்க எத்தனை டொச்சுக்காரர் வருகிறார்கள்! அன்று எங்கள் பண்பாடு படம் எடுக்க நல்ல வண்ணமாக இருக்கிறது. திங்கட்கிழமை அதே மனிதன் அலுவலகத்தில் இலக்கணப் பிழையோடு பேசினால் அவன் ஒருங்கிணையாதவன்.

இன்னொன்று. அந்தத் தம்பி அன்று மேடையில் நின்றதே தமிழ்த் தேர்வில் எடுத்த புள்ளிக்காகத்தான். சனிக்கிழமை தவறாமல் அவரைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றி இறக்கியவர்கள், அவர் திட்டிய அதே டொச் தெரியாத ஆட்கள். அவருக்குத் தமிழும் இருக்கிறது, டொச்சும் இருக்கிறது. எங்களிடம் ஒன்றுதான் முழுதாக இருக்கிறது. அதையும் விடச் சொல்கிறார்.

அங்கேயே எழும்பி இதைச் சொல்லியிருக்கலாமே அப்பா என்று, அன்று மொழிபெயர்த்த அதே மகள் கேட்டாள். எழும்பத்தான் நினைத்தேன். சொல்ல வேண்டியதை டொச்சில் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். டொச்சில் பெயர்ச்சொல்லுக்கு முன் அதன் பாலைக் காட்டும் ஒரு சொல் வரும். 'உரிமை' என்பதற்கான சொல்லுக்கு முன் டெர் வருமா, டாஸ் வருமா என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஒரு சொல் பிழைத்தால் அந்தத் தம்பி சிரிக்காவிட்டாலும் பக்கத்தில் இருந்த அவருடைய நண்பர்கள் சிரிப்பார்கள். நான் யோசித்து முடிப்பதற்குள், அடுத்த நிகழ்ச்சிக்குச் சின்னப் பிள்ளைகள் சலங்கை கட்டி மேடைக்கு வந்துவிட்டார்கள்.