அக்விசிஷன் என்ற சொல்லும் நிலம் கொடுப்பவரும்

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்காக 2018இல் நிலம் அளக்கப்பட்டபோது, எங்கள் மாவட்டத்தில் ஒரே செயலுக்கு மூன்று பெயர்கள் வழங்கின. சட்டத்தின் ஆங்கிலத்தில் அது ‘அக்விசிஷன்’. தமிழில் எழுதியவர்களுக்குக் ‘கையகப்படுத்துதல்’. நிலத்துக்குச் சொந்தக்காரர்களான காட்டுக்காரர்களோ ‘பிடுங்குகிறார்கள்’ என்றார்கள்.

‘அக்வயர்’ என்ற வினைக்கு அடியில் இருக்கும் லத்தீன் வேர் தேடுதலைக் குறிப்பது. முயன்று தேடி அடைதல் என்னும் கண்ணியமான சாயல் அதில் இன்றும் இருப்பதால், கல்வியால் அறிவை அடைவதற்கும் அடுத்தவர் தோப்பை எடுத்துக்கொள்வதற்கும் அந்த ஒரே வினை ஆங்கிலத்தில் பொருந்திவிடுகிறது. எடுத்தலை நேராகச் சொல்லும் ‘டேக்’, வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்து வீட்டுப் பேச்சில் கலந்த சொல். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு ஆட்சியும் நீதியும் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தன. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று 1362இல் வந்த சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது. அதிகாரத்தின் சொற்கள் பெரும்பாலும் லத்தீன் வழிவந்தவையாக இருப்பதற்கு இந்த வரலாறு முக்கியமான காரணம்.

ஆங்கிலச் சொல் உயரத்தில் நிற்கிறது என்பதற்காகத் தமிழ்ச் சொல்லும் அதே உயரத்தில் நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நான் ஏற்கவில்லை. ‘கையகப்படுத்துதல்’ தூய தமிழ்தான், ஆயினும் உழவரின் காதுக்கு அது தொலைவில் ஒலிக்கிறது. வருவாய்த் துறையிலேயே பழக்கத்தில் உள்ள ‘நில எடுப்பு’ எதையும் மறைப்பதில்லை.

லத்தீன் வழிச் சொற்கள் எல்லாவற்றையும் ஐயுற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘பிளாண்ட்’ லத்தீனில் நாற்றைக் குறித்த சொல், காலப்போக்கில் தொழிற்கூடத்துக்கும் ஆகிவந்தது; கரும்பு பிழியும் பொறியைக் குறித்த நம் ‘ஆலை’யும் அதே வழியில் விரிந்தது. அதனால்தான் ‘ஸ்டீல் பிளாண்ட்’ சேலத்தாருக்கு எந்த இடறலும் இல்லாமல் இரும்பாலை ஆனது. அங்கே எவரும் வேரைத் தோண்டவில்லை, பொருளை மட்டுமே பார்த்தார்கள்.

சேர்வராயன் மலையடிவாரச் சிற்றூர்களுக்கு அனுப்பும் அறிவிப்பை எழுதுவோரிடம் என் வேண்டுகோள் இதுதான்: முதல் வரியில் ‘உங்கள் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள இருக்கிறது’ என்று எழுதுங்கள், அடுத்த வரியில் எவ்வளவு நிலம், என்ன இழப்பீடு, மறுப்பை யாரிடம் எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். நீதிமன்றத்துக்குத் தேவையான சட்டச் சொல்லும் சர்வே எண்ணும் அதற்குக் கீழே வரட்டும்.