மரபணு என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் மரபு

சென்ற மாதம் என் அக்காள் மகளுக்கு வந்த வரன் கைநழுவிப் போனது. பெண்ணைப் பிடித்திருந்தது, பொருத்தமும் கூடி வந்தது. ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே எல்லோருக்கும் கை கொடுத்து வரவேற்ற பெண்ணின் தம்பியைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், மூன்றாம் நாள் தரகர் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள்: "அந்தக் குடும்பத்துல மரபணுக் கோளாறு இருக்கு. நாளைக்கு நம்ம வாரிசுக்கும் வந்துட்டா?" அந்தத் தம்பிக்குப் பத்தொன்பது வயது, டவுன் சிண்ட்ரோம் உள்ளவன். அக்காளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அவர்கள்மீது எனக்குக் கோபம் இருந்தாலும், பாதிப் பழியை அந்தச் சொல்லின்மீதே போடுவேன். மரபு என்றால் முன்னோர் வழி வந்தது என்றுதான் தமிழ்க் காதில் விழும். தாலசீமியா என்ற இரத்த நோய் போன்றவை உண்மையாகவே தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வருபவை. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் அப்படிப்பட்டதன்று. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் பொதுவாக 23 இணைகளாக, மரபணுக்களைச் சுமக்கும் 46 குரோமோசோம்கள் உள்ளன; கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒவ்வோர் இணையும் பிரிந்து ஒன்றுதான் அதில் சேர வேண்டும். 21ஆம் இணை பிரியாமல் இரண்டுமாகச் சேர்ந்துவிட்டால், பிறக்கும் பிள்ளைக்கு 47 ஆகிவிடுகிறது. கூடுதலாக வந்தது கெட்டுப்போன குரோமோசோம்கூட அன்று. வழக்கமான ஒன்றின் இன்னொரு பிரதி, அவ்வளவே. 1959இல் லெஜூன் என்ற மருத்துவரும் அவருடைய பிரெஞ்சுச் சகாக்களும் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. (டவுன் என்றால் கீழே என்று பொருள் சொல்பவர்கள் நம் ஊரில் இன்னும் உண்டு. அது 1866இல் இந்த நிலையை விவரித்து எழுதிய லாங்டன் டவுன் என்ற மருத்துவரின் பெயர்.)

இந்தப் பிசகு பெரும்பாலும் கருமுட்டை உருவாவதில் நேர்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த முட்டையின் பிரிவு, தாயானவள் தன் தாயின் வயிற்றில் கிடந்தபோதே தொடங்கி, பாதியில் நின்று பல ஆண்டுகள் காத்திருக்கும் ஒன்று. அதனால்தான் வயது கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது: 35 வயதில் ஏறத்தாழ 350 பேறுகளுக்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. அக்காளுக்கு அப்போது வயது 26. இளம் வயதில் பிள்ளை பெறுபவர்களே அதிகம் என்பதால், இப்பிள்ளைகளில் பலர் 35 வயதுக்குட்பட்ட தாய்மாருக்கே பிறக்கிறார்கள்.

அக்காள் கேட்ட பழியோ வேறு. கிரகணத்தன்று கத்தியால் காய் நறுக்கினாள் என்றார் அவளுடைய மாமியார், எங்கள் அத்தை. தோட்டக் குடியிருப்பில் கொஞ்சம் படித்தவர்கள் என்று பெயரெடுத்தவர்கள், மாமன் மகனைக் கட்டியதால் வந்த வினை என்றார்கள். எனக்கு முதல் பழியைவிட இரண்டாவதுதான் அதிகம் எரிச்சலூட்டுகிறது, அறிவியல் வேடம் போட்டு வருவதால். சொந்தத்தில் மணம் செய்வதால் கூடும் ஆபத்துகள் உண்டு. இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால் அது பிள்ளையிடம் வெளிப்படலாம். ஆனால் ஓர் இணை பிரியத் தவறுவதற்கும் யார் யாரைக் கட்டினார்கள் என்பதற்கும் தொடர்பில்லை.

வரன் தட்டிப்போன அன்றிரவு, பிறப்புப் பத்திரத்தோடு பிளாஸ்டிக் உறையில் கிடந்த பழைய இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்தோம். கொடுத்த நாளில், "டவுன்தான், உறுதியாகிவிட்டது" என்பதற்குமேல் எவரும் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதன் முதல் எண் 47, கடைசியில் பிளஸ் 21. அந்த ஒரு வரியில்தான் மாப்பிள்ளை வீட்டாருக்கான பதில் இருந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கு உள்ள வகை இது. உடன்பிறந்தவளின் பிள்ளைகளுக்கு இதனால் ஆபத்து கூடுவதில்லை. மூன்று நான்கு பேருக்கு மட்டும் 21ஆம் குரோமோசோமின் பகுதி வேறொன்றோடு, பெரும்பாலும் 14ஆவதோடு, ஒட்டிக்கொண்டிருக்கும். தாளில் எண் 46 என்றே வரும். அதிலும் சிலருக்கே பெற்றோர் வழியாக வந்திருக்கும். அங்கேதான் பெற்றோரும் உடன்பிறந்தோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் கிடந்தால் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

அக்காளும் அத்தானும் இத்தனை ஆண்டுகளில் கவனித்தவை முற்றிலும் வேறு. இப்பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறை உண்டு. எங்கள் பையனுக்கும் கைக்குழந்தையிலேயே ஓட்டையை அடைத்தார்கள். தைராய்டு, காது, கண் என்று சோதனைகள் தொடர்கின்றன. இப்போது பிடிகே என்ற சமூக மறுவாழ்வு மையத்துக்குப் போய்வருகிறான். வண்டி ஐந்து நிமிடம் தாமதித்தாலும் ஓட்டுநருக்கு அன்று அவனிடம் அர்ச்சனை உறுதி.

அந்தத் தாளின் நகலைத் தரகரிடம் கொடுத்தேன். பதில் வந்தாலும் எனக்கு வேண்டாம் என்று அக்காள் மகள் சொல்லிவிட்டாள். அக்காள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இன்னொரு நகல் கேட்டாள். அத்தைக்குக் கண் தெரியவில்லை, நீயே வந்து வாசித்துக் காட்டு என்றாள்.