ஊதா ஒயரும் பத்துக் கேலன் அண்டாவும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் யார் நகைச்சுவை சொன்னாலும் அதில் வரும் இரண்டு பேருக்கும் பூட்ரோ, டிபடோ என்றுதான் பெயர் இருக்கும். அதனால் இங்கேயும் அவர்களே இருக்கட்டும். ஊர் பேட்டன் ரூஜ். அங்கே இலையுதிர்காலச் சனிக்கிழமை என்றால் எல்.எஸ்.யூ. என்கிற லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துதான் (நாம் நினைக்கிற கால்பந்து இல்லை, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது). மைதானத்தில் 1,02,321 பேர் உட்காரலாம். ஆட்டம் ராத்திரிதான் என்றாலும் காலையிலேயே வந்து வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்துவைத்து, சமைத்து, குடித்து, கும்மாளம் போடுவார்கள். அதற்குப் பெயர் டெயில்கேட். இதற்கென்றே ஐந்து நண்பர்கள் சேர்ந்து, காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகிற ஒரு டிரெய்லர் வண்டி கட்டியிருக்கிறார்கள். கட்டியது பூட்ரோ, கணக்கு எழுதுவது டிபடோ. வியாழக்கிழமை இரவு, பூட்ரோ வீட்டு வாசல்.

டிபடோ: சோதனை ஓட்டம் எப்படிப் போனது?

பூட்ரோ: அருமை! பாலத்தின் மேல் போகும்போது பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். நம் டிரெய்லரைப் பார்த்துக் குஷியாகிவிட்டார்கள் என்று நானும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனேன்.

டிபடோ: பிரேக் விளக்கு எரிந்ததா?

பூட்ரோ: ஏதோ எரிந்தது.

டிபடோ: ஏதோ என்றால்?

பூட்ரோ: பிரேக்கை மிதித்தால் கூரையைச் சுற்றி ஒட்டியிருக்கிற சீரியல் லைட் பளிச்சென்று எரிகிறது. இடது இண்டிகேட்டர் போட்டால் பீர் குழாய்க்கு மேலே இருக்கிற பல்பு மின்னுகிறது. வலது இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, வீடு வரைக்கும் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி வந்து சேர்ந்தேன்.

டிபடோ: டேய், டிரெய்லர் விளக்குக்கு நாலே நாலு ஒயர்தான். வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. இதில் எப்படிடா தப்பு வரும்?

பூட்ரோ: அதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

டிபடோ: ஏன்?

பூட்ரோ: பச்சை நம் எதிரிப் பல்கலைக்கழகம் டுலேன்காரர்களின் நிறம். நம் வண்டிக்குள் டுலேன் ஒயரா? உள்ளே ஓடுவது முழுக்க நம் ஊதாவும் பொன்னிறமும்தான். பதினாறு ஒயர் ஊதா, பதினாறு ஒயர் பொன்.

டிபடோ: எந்த ஊதா எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்?

பூட்ரோ: மனசுக்குத் தெரியும்.

டிபடோ: மனசை போலீஸ்காரரிடம் காட்ட முடியாது. சரி, அதை விடு. வண்டி ஆடியதா?

பூட்ரோ: ஐம்பது மைல் வேகத்துக்கு மேல் போனால் லேசாக. பாரிலிருந்து வெளியே வருகிற உன் மாமா மாதிரி.

டிபடோ: எனக்குத் தெரியும்! டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் முன்பக்கக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேனே. கனமெல்லாம் சக்கர அச்சுக்குப் பின்னால் போனால் இப்படித்தான், டிரெய்லர் முன்னால் போகிற வண்டியையும் சேர்த்துப் பிடித்து ஆட்டும். பீர் பீப்பாய் எங்கே இருக்கிறது?

பூட்ரோ: பின்னால்.

டிபடோ: ஒரு பீப்பாய் பதினைந்தரை கேலன். நிறைத்தால் எழுபது கிலோவைத் தாண்டும். எத்தனை வைத்திருக்கிறாய்?

பூட்ரோ: மூன்றுதான்.

டிபடோ: முன்னால் தள்ளு.

பூட்ரோ: டெயில்கேட் என்றாலே பின்கதவுதானடா. முன்பக்கம் நின்று பீர் பிடித்தால் அதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

டிபடோ: அப்போது அந்தப் பத்துக் கேலன் ஜம்பலாயா அண்டாவையாவது முன்னால் வை.

(ஜம்பலாயா என்பது அரிசி, கோழி, புகைபோட்ட சாசேஜ் எல்லாம் ஒரே அண்டாவில் வேகிற சோறு. நம் பிரியாணிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும், ஆனால் இதை நம் ஊர் பிரியாணி மாஸ்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

பூட்ரோ: வார்ப்பிரும்பு அண்டா பின்னால் இருந்தால்தான் வாசனை வெளியே போய் ஆளை இழுத்து வரும். அடுப்பும் அதன் பக்கத்தில். கேஸ் சிலிண்டர் அடுப்புக்குப் பக்கத்தில்.

டிபடோ: முன்னால் என்னதான் இருக்கிறது?

பூட்ரோ: பேப்பர் நாப்கின்.

டிபடோ: (நோட்டைத் திறந்து) அந்த அச்சு தாங்குவதே 3,500 பவுண்டு. கிலோவில் 1,600கூட இல்லை, அதுவும் டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்து. இதில் ஏசி வேறு எழுதியிருக்கிறாய். பின்கதவு நாள் முழுக்கத் திறந்தே இருக்கும், யாருக்கு ஏசி?

பூட்ரோ: செப்டம்பர் வெயில் உனக்குத் தெரியாததா? வாசலில் நிற்பவனுக்குக் கொஞ்சம் காற்று வரட்டும் என்றுதான்.

டிபடோ: ஜெனரேட்டர் 2,000 வாட். ஏசி ஓடும்போது காபி மெஷினைப் போட்டால் டிவி அணைந்துவிடும்.

பூட்ரோ: நாம் தோற்கிறோம் என்று தெரிந்தால் உடனே காபி போட்டுவிடலாம். அதெல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறேன்.

டிபடோ: சமையல் பட்டியல்?

பூட்ரோ: எதிரணியின் சின்னம் எதுவோ அதுதான் அன்றைக்குச் சமையல். ஃபுளோரிடா வந்தால் முதலை. ஆர்கன்சா வந்தால் முழுப் பன்றி. நம் மைதானத்து வழக்கம் அது, மாற்றக் கூடாது.

டிபடோ: டெக்சாஸ் ஏ அண்ட் எம் வந்தால்? அவர்கள் சின்னம் நாய். அழகான கோலி நாய்.

பூட்ரோ: (நெடுநேரம் யோசித்து) அன்றைக்கு மட்டும் சைவம்.

டிபடோ: சரி, கணக்கு. ஆளுக்கு 600 டாலர் போட்டோம். செலவில் பெயின்ட் மட்டும் 410. அச்சு 380. வரவில் இதென்ன, 200 என்று ஒரு வரி இருக்கிறது?

பூட்ரோ: பழைய கூடாரம். டிரெய்லர் வந்த பிறகு எவன் கூடாரம் அடிப்பான்? பக்கத்துத் தெருக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பணத்தைப் போட்டுத்தான் புது அச்சே வாங்கினேன்.

டிபடோ: நல்லது. முதல் பயணம் இந்தச் சனிக்கிழமை. எந்தப் பக்கம் என்று ஞாபகம் இருக்கிறதா?

பூட்ரோ: மிசிசிப்பி, ஆக்ஸ்போர்டு. ஓல் மிஸ்ஸோடு, அதான் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். நாளை மதியம் கிளம்பினால் ராத்திரி போய்ச் சேரலாம். அவர்கள் டெயில்கேட் போடுகிற குரோவ் தோப்பின் நட்டநடுவில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து, அவர்கள் வயிறு எரிய வேண்டும்.

டிபடோ: அந்தத் தோப்பைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?

பூட்ரோ: ஓக் மரம் இருக்கும். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு கோழி வறுவல் சாப்பிடுவார்கள். கூடாரத்துக்குள் சரவிளக்கு தொங்கும், தட்டெல்லாம் வெள்ளி. நாம் அண்டாவோடு போய் இறங்குவோம்.

டிபடோ: அதேதான். கூடாரத்துக்குள் சரவிளக்கு. கூடாரத்துக்குள் தட்டு. நான் இப்போதுதான் விதிமுறையைப் படித்தேன். அந்தத் தோப்புக்குள் ஆட்டத்து அன்றைக்கு வண்டியே விடமாட்டார்கள். காரும் இல்லை, டிரெய்லரும் இல்லை. கூடாரம் மட்டும்தான்.

(பூட்ரோ டிரெய்லரைப் பார்க்கிறார். பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்டுகிறார். எங்கேயோ ஒரு இண்டிகேட்டர் மின்னுகிறது.)

பூட்ரோ: பரவாயில்லை. வாங்கியவரிடம் போய் ஒரே ஒரு நாளைக்கு வாடகைக்குக் கேட்போம்.

டிபடோ: கேள். எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார்?

பூட்ரோ: இருக்க மாட்டார். இன்று காலையில்தான் அந்தக் கூடாரத்தைக் கார் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கே சார் என்றேன், ஆக்ஸ்போர்டு என்றார்.

டிபடோ: நீ என்ன செய்தாய்?

பூட்ரோ: அவர் ஒற்றை ஆள், பாவம். நான்தான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொடுத்தேன்.