பறிமுதல் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்
தெருவோர வியாபாரிகளின் மன உளைச்சலுக்குக் கவுன்சலிங் முகாம் போடச் சொல்கிறது உங்கள் இதழில் வந்த கட்டுரை. நல்லதுதான். ஆனால் அவர்கள் தூக்கத்தைக் கெடுப்பது தண்டல் என்ற தினத்தவணைக் கடனும் கார்ப்பரேஷன் வண்டியும். 10,000 ரூபாய்த் தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். மழையில் கடை போடாவிட்டாலும் தவணை நிற்காது. அதற்குள் கார்ப்பரேஷன் வண்டி வந்து சரக்கை அள்ளிப்போனால் முதலே போச்சு.

2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பறிமுதல் செய்பவர் கையெழுத்திட்ட பொருள் பட்டியலைத் தந்தாகவேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால் காய், பழம், பூ போன்றவை அன்றே திரும்பவேண்டும். அழுகாத பொருள் இரண்டு வேலை நாளில். பட்டியல் கையில் இல்லையென்றால் எதை வைத்துக் கேட்பது? வண்டி வந்ததுமே சரக்கைச் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். பக்கத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் நீர்க்கடுப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். முகாமுக்கு முன் கழிப்பறையைக் கட்டிக்கொடுங்கள்.