டயரைக் கழற்றிப் பார்த்தீர்களா, இல்லையா?

நேற்றிலிருந்து அந்த வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். போதும், பார்த்துவிட்டேன். பழைய சொகுசு செடான், வாங்கிய சில மாதத்தில் மூன்று ரன்ஃப்ளாட் டயர் (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை) காலி. விற்றவர் "ரன்ஃப்ளாட்னா அப்படித்தான் சார், நீங்க ஓட்டுற விதம் அப்படி" என்று கைகழுவுகிறார். கமெண்டில் ஊரே கூடி வாங்கியவரைக் கும்மியடிக்கிறது.

எனக்கு ஒரே கேள்விதான். விற்பதற்கு முன்னால் அந்த நான்கில் ஒரு டயரையாவது ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கம் பார்த்தார்களா? வீடியோ முழுக்கத் தேடினேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'டயர் கண்டிஷன்: நன்று' என்று சான்றிதழ் மட்டும் காட்டுகிறார்கள். எதை வைத்து நன்று? பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகளின் உயரத்தை வைத்து. ரன்ஃப்ளாட் சாவது பட்டனில் இல்லை ஐயா, பக்கச்சுவரில்.

சாதாரண டயரில் காற்று இறங்கினால் பக்கச்சுவர் மடிந்து ரிம்முக்கு அடியில் நசுங்கிக் கொஞ்ச தூரத்திலேயே கந்தலாகிவிடும். ரன்ஃப்ளாட்டின் பக்கச்சுவருக்குள் பிறை வடிவில் தடித்த ரப்பர் வைத்திருக்கிறார்கள். காற்றே இல்லாவிட்டாலும் அது வண்டியைத் தூக்கி நிறுத்தும். பெரும்பாலான டயர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 கி.மீ. வேகம், 80 கி.மீ. தூரம். ஆளும் சாமானும் நிறைந்திருந்தால் அந்தத் தூரம்கூடக் கிடைக்காது. அடுத்த டயர் கடை வரை போய்ச் சேருவதற்காகக் கொடுத்த சலுகை அது. ஒவ்வொரு பஞ்சருக்கும் புதிதாக ஒரு 80 கி.மீ. கிடைக்கும் என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஓடும்போது அந்தத் தடித்த ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. மடிய மடியச் சூடு. சூடு ஏற ஏற ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல் அடுக்குக்கும் நடுவே உள்ள பிடிப்பு விட்டுப்போகும். பிறகு பஞ்சர் ஒட்டி, கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர் சொல்லும் காற்றை, 36 பிஎஸ்ஐ என்று வையுங்கள், அடித்துவிட்டால் வெளியே புத்தம் புதுசு மாதிரி நிற்கும். கழற்றினால்தான் தெரியும்: உள்சுவரில் வட்டம் முழுக்கச் சுருக்கக் கோடு, தேய்ந்து உதிர்ந்த ரப்பர் தூள், சில டயரில் நிறம் மாறிய பட்டை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த டயர் செத்துவிட்டது. அதன் பட்டன் 6 மி.மீ. இருந்தாலும் சரி, 7 இருந்தாலும் சரி.

நான் டயர் வேலை பார்க்கும் இடத்துக்குச் சமீபத்தில் அலைன்மென்டுக்கு வந்த ஒரு வண்டி. பின் இடது டயரில் காற்று மெல்ல இறங்குகிறது என்றார் உரிமையாளர், கழற்றினோம். உள்ளிருந்து கைநிறைய ரப்பர் தூள் கொட்டியது. "நான் வாங்கினதிலேர்ந்து பஞ்சரே ஆனதில்லையேண்ணா" என்றார். உண்மைதான், அவர் கையில் ஆகவில்லை. முந்தைய ஆள் ஓட்டி முடித்ததை இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவரிடமும் ஒரு சான்றிதழ் இருந்தது!

பஞ்சரே ஆகாமலும் இதே கதி வரும். 36 அடிக்க வேண்டிய டயர் 26-இல் நின்றால் சாதாரண டயர் பிதுங்கி நின்று காட்டிக்கொடுக்கும். ரன்ஃப்ளாட் விறைத்து நிற்கும், கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. அதனால்தான் காற்றழுத்தம் காட்டும் டிபிஎம்எஸ் இல்லாமல் ரன்ஃப்ளாட் போடாதே என்கிறார்கள். அந்த டிபிஎம்எஸ்ஸின் லட்சணத்தையும் கேளுங்கள். வால்வில் சென்சார் இருக்கும் வகையில் பல கார்களில் அழுத்தம் 25 சதவீதம் குறைந்த பிறகுதான் விளக்கே எரியும். சென்சாரின் பேட்டரி 5 முதல் 10 வருஷம் வரும். பழைய வண்டியில் அது எப்போது போனது என்று யாருக்குத் தெரியும்? சென்சார் இல்லாமல் ஏபிஎஸ் மூலம் சக்கர வேகத்தை ஒப்பிடும் வகை இன்னும் மோசம். நான்கு டயரிலும் சமமாகக் காற்று குறைந்தால் அதற்குத் தெரியாமலே போகலாம். காற்று குறைவாக இருக்கும்போது ரீசெட் அழுத்தினால் அந்தக் குறைந்த அளவையே சரியான அளவாக எடுத்துக்கொள்ளும். வண்டியை விற்பதற்கு முந்தின நாள் எரிகிற விளக்கை அணைக்க ரீசெட் அழுத்துகிற மகான்கள் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இப்போது வருவீர்கள், "ரோடு மோசம், குழியில அடிச்சிருப்பான்" என்று. வாங்க. குழி அடி தனியாகத் தெரியும். 225/45 ஆர்18 அளவு போன்ற, பக்கச்சுவர் குட்டையான தட்டை டயர் பள்ளத்தில் விழுந்தால் பக்கச்சுவர் ரிம் விளிம்பில் நசுங்கி அந்த இடத்தில் மட்டும் நூல் அறும், அங்கே ஒரு கொப்புளம் எழும். பெரும்பாலும் ரிம்மும் வளைந்திருக்கும். சூட்டில் செத்த டயருக்கு வட்டம் முழுக்கத் தடம் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க விஞ்ஞானி வேண்டாம், டயர் கழற்றும் மெஷின் போதும். கழற்றாமலே 'ஓட்டுற விதம்' என்று தீர்ப்பு எழுதுவதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"நாலு டயரையும் கழற்றிப் பார்த்து யார் வண்டி வாங்குவா, நடக்கிற காரியமா?" என்று ஒரு பெரிய மனிதர் கேட்டிருக்கிறார். எஞ்சினுக்கு ஸ்கேனர் போடுகிறீர்கள், பெயின்ட் தடிமனை மீட்டர் வைத்து அளக்கிறீர்கள், சீட்டுக்கு அடியில் டார்ச் அடிக்கிறீர்கள். வண்டி ரோட்டைத் தொடும் நான்கே இடத்தைப் பார்க்க மட்டும் நேரம் இல்லையா? பழகிய கைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. ஒன்று மட்டும் கவனம்: ரன்ஃப்ளாட்டைப் பிடித்து அமுக்க ஹெல்பர் ஆர்ம் உள்ள மெஷினாக இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் லீவரைப் போட்டு நெம்பினால் பீட் (ரிம்மில் உட்காரும் டயர் ஓரம்) கிழிந்து புதுக் காற்றுக் கசிவை நீங்களே கூட்டிவருவீர்கள்.

கழற்றவே விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், லிஃப்டில் ஏற்றியாவது டயரின் உள்பக்கத் தோளை (பட்டனும் பக்கச்சுவரும் சேரும் ஓரம்) கையால் தடவிப் பாருங்கள். இந்த மாதிரிச் சொகுசு வண்டிகள் பலவற்றில் பின் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும். கண்ட்ரோல் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் மூட்டு) தளர்ந்து டோவும் (சக்கரம் நேராகப் பார்க்கும் கோணம்) விலகினால் வெளிப்பக்கம் பட்டன் நிற்கும், உள்ளோரம் கம்பி தெரியும். பின் டயர் அகலம் 255 மி.மீ., முன் டயர் 225 என்று இருந்தால் முன்பின் மாற்றிப் போடவும் வழியில்லை, எனவே அந்த ஓரம் தேய்ந்துகொண்டேதான் போகும். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் படியுங்கள், தயாரித்த தேதி அது. 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம். சில கார் நிறுவனங்கள் ஆறு வருஷத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் பல பத்து வருஷத்தைத் தாண்டவே கூடாது என்கின்றன. குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டி என்று பெருமையாக விற்பார்களே, அதில்தான் பட்டன் நிறைய, வயசும் நிறைய.

"டயர் வேலை பார்க்கிறவன், டயர் விக்கத்தான் இப்படிப் பேசுவான்" என்று ஒருவர். சரி ஐயா. வாங்குவதற்கு முன்பே கழற்றிப் பார்த்து, கெட்டதற்கு விற்பவரிடம் விலை குறைக்கச் சொல் என்கிறேன். இதில் எனக்கு எந்தப் பக்கத்திலிருந்து லாபம் வருகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

எல்லாவற்றையும்விட உறுத்துவது "டயர் மாத்த வக்கில்லாதவனுக்கு எதுக்குச் சொகுசு காரு" என்ற கமெண்ட். அதற்கு எத்தனை சிரிப்பு எமோஜி! அந்த மனிதர் டயரை ஓசியில் கேட்கவில்லை. நன்று என்று எழுதிக் கொடுத்தது நன்றாக இல்லையே என்றுதான் கேட்கிறார். அதைக் கேட்கக்கூட சம்பளச் சீட்டு காட்ட வேண்டுமா? சிரித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் டயரின் உள்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்கள்?

"ரன்ஃப்ளாட்டே குப்பை, நாலையும் நார்மலா மாத்திடு" என்கிறவர்களுக்கு: மாற்றலாம், தவறே இல்லை. மாற்றினால் நான்கையும் மாற்றுங்கள். லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழையதற்குக் குறையக் கூடாது. இந்தக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியும் கிடையாது, அதை வைக்க டிக்கியில் குழியும் கிடையாது. கம்ப்ரஸரும் சீலன்ட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பக்கச்சுவர் கிழிந்தால் சீலன்ட் நிற்காது, இழுத்துப்போகும் டோ வண்டிதான். இன்னொன்று, விற்றவரே ஏற்கெனவே ஒரு சக்கரத்தில் நார்மலைச் சொருகி வைத்திருக்கலாம். நான்கு பக்கச்சுவரிலும் ஆர்எஃப்டி, இசட்பி, எஸ்எஸ்ஆர், ஆர்ஓஎஃப் என்று நிறுவனத்துக்குத் தகுந்த ஏதாவது ஒரு குறி இருக்கிறதா என்று படித்துவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.